நின்றபடியே சாப்பிடும் விருந்து: 30 பேருக்கு உலகத் தீனி

வீட்டுப் பார்ட்டிக்குப் 'பல நாட்டுத் தீம்' என்று முடிவானதும் முதல் வேலையாக நாடுகளின் பட்டியல் போட உட்கார்ந்துவிடுவோம். இத்தாலிக்கு ஒன்று, மெக்சிகோவுக்கு ஒன்று, ஜப்பான் இல்லாமல் எப்படி, சரி அதுவும் ஒன்று. பிறகு நாட்டுக்கொரு பண்டம் தேடல். கடைசியில் மேசைக்கு வருவது ஆறிப்போன குட்டி பீட்சா, எடுக்கும்போதே நொறுங்கும் டாக்கோ, உச்சியில் காகிதக் கொடி குத்திய பேபிகார்ன் பஜ்ஜி. கொடி குத்திவிட்டால் பஜ்ஜி மெக்சிகோவுக்குப் போய்விடாது.

நாட்டை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். முதலில் கேட்க வேண்டியது வேறு. மேசையில் வைத்து ஒரு மணி நேரம் ஆன பிறகு இந்தப் பண்டம் எப்படி இருக்கும்? ஒரு கையில் டம்ளரைப் பிடித்திருப்பவர் மறு கையால் எடுத்து இரண்டு கடியில் முடிக்க முடியுமா? சட்டையில் ஒழுகுமா? பேசிக்கொண்டே மெல்ல முடியுமா? இதில் தேறாத எதுவும், எந்த நாட்டுப் புகழ் பெற்றதானாலும், நின்றபடி சாப்பிடும் விருந்துக்கு ஆகாது. சூடு இறங்கியதும் ரப்பராகும் பீட்சா தேறாது. பத்து நிமிடத்தில் நமுத்துப்போகும் நாச்சோஸ் தேறாது. பானிபூரியும் தேறாது, அதற்குப் பக்கத்தில் ஓர் ஆள் நின்றால் ஒழிய. பச்சை மீன் வைத்த சுஷியை நம் ஊர் வெயிலில் நினைக்கவே வேண்டாம்.

உட்கார்ந்து சாப்பிடும் உணவைச் சுருக்கிக் கடுகாக்கிக் கொடுப்பது ஒரு வகை. நின்று சாப்பிடுவதற்காகவே பிறந்த உணவு இன்னொரு வகை. இரண்டாவது வகையைத்தான் தேட வேண்டும். ஸ்பெயினின் பாஸ்க் பகுதியில் சான் செபாஸ்டியன் நகர மதுக்கடைகளில் ரொட்டித் துண்டின்மேல் எதையாவது வைத்துக் குச்சி குத்திக் கல்லாமேசை நெடுக அடுக்கியிருப்பார்கள். பின்ச்சோ என்று பெயர். குத்துவது என்பதற்கான சொல்லிலிருந்து வந்தது. எடுத்துச் சாப்பிட்டுவிட்டு, தட்டில் கிடக்கும் குச்சிகளை எண்ணிக் காசு கொடுப்பது பழைய வழக்கம். இலங்கைத் தேநீர்க் கடையிலும் இதே கணக்குத்தான். ரோல்ஸ், கட்லட், பற்றிஸ் எல்லாம் கலந்த ஒரு தட்டை 'ஷார்ட் ஈட்ஸ்' என்று மேசையில் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போவார்கள். சாப்பிட்டதற்கு மட்டும் காசு, மிச்சம் திரும்பிப் போகும். இரண்டு ஊருக்கும் எந்த ஒட்டுமில்லை. ஆனால் அங்கும் இங்கும் தட்டில் சும்மா இருந்து தாங்கும் பண்டம்தான் பிழைத்தது. நமக்கு வேண்டியதும் அதுதான்.

எத்தனை, எத்தனை வகை

மாலை 6 முதல் 9 வரை, தனியாகச் சாப்பாடு கிடையாது என்றால் ஆளுக்கு 12 உருப்படி காரவகை வேண்டும். பிறகு சாப்பாடு உண்டென்றால் 5 போதும். முதல் ஒரு மணி நேரத்தில் பாதி காலியாகிவிடும். வந்தவர்கள் பசியோடுதான் வருவார்கள். சின்னப் பிள்ளைகளை அரை ஆளாக எண்ணுங்கள். 30 பேருக்கு 360 உருப்படி. இதை 12 வகையாகப் பிரித்து வகைக்கு முப்பது செய்ய நினைப்பதுதான் வீடுகளில் நடக்கும் பெரிய தப்பு. வேலை இரட்டிப்பாகும், எதுவும் ஒருவருக்கு இரண்டு கிடைக்காது. ஆறு காரவகை, ஓர் இனிப்பு, அதற்கு மேல் வேண்டாம்.

எல்லாவற்றையும் சமமாக 60 செய்வதும் சரிவராது. வறுத்ததும் சீஸ் உள்ளதும் முதலில் தீரும், பெயர் தெரியாதது கடைசியில் நிற்கும். கீழே வரும் பண்டங்களுக்கு எங்கள் கணக்கு: ஃபலாஃபெல் 70, சீஸ் உருண்டை 70, முட்டைத் துண்டு (ஸ்பெயின் தோர்த்தீயா) 64, சம்மர் ரோல் 60, இலங்கை ரோல்ஸ் 50, ஆலிவ் குச்சி 46.

இன்னொரு கணக்கு அடுப்புக் கணக்கு. வீட்டில் இருப்பது ஒரு ஓடிஜி (சின்ன மின்சார அடுப்புப் பெட்டி), ஒரு வாணலி. ஆகவே பார்ட்டி நேரத்தில் ஓடிஜியில் ஒன்று, எண்ணெயில் ஒன்று, அவ்வளவுதான் சூடாக இறங்க முடியும். மீதி எல்லாம் அறைச் சூட்டிலோ குளிர்ந்தோ சாப்பிடும் பண்டமாக இருக்க வேண்டும். இதை மறந்து நான்கு வகையை 'சுடச்சுட' என்று திட்டமிட்டால், வீட்டுக்காரர் மூன்று மணி நேரமும் சமையலறையில்தான்.

ஓடிஜிக்கு: பிரேசில் சீஸ் உருண்டை

பாவ் ஜி கேஜோ. பிரேசிலின் மினாஸ் ஜெராய்ஸ் மாநிலத்துப் பண்டம். கோதுமை இல்லை, ஈஸ்ட் இல்லை, முழுக்க மரவள்ளி ஸ்டார்ச். மரவள்ளிக் கிழங்கே தென்னமெரிக்காவிலிருந்து வந்ததுதான்; சேலத்து ஜவ்வரிசி ஆலைகளால் நமக்கு அது சொந்தச் சரக்கு மாதிரி ஆகிவிட்டது. கடையில் கேட்கும்போது கவனம்: வேண்டியது கையில் தேய்த்தால் கிறீச்சிடும் வெள்ளை ஸ்டார்ச். கிழங்கைக் காயவைத்து அரைத்த மாவு வேறு, அது உப்பாது.

70 உருண்டைக்கு ஸ்டார்ச் 750 கிராம், பால் 360 மி.லி., எண்ணெய் 180 மி.லி., உப்பு 3 தேக்கரண்டி, முட்டை 3, துருவிய சீஸ் 375 கிராம். சீஸில் பாதி மொசரெல்லா, பாதி நல்ல உப்புள்ள செடார். பால், எண்ணெய், உப்பு மூன்றையும் பொங்கி வரும் வரை கொதிக்கவைத்து ஸ்டார்ச்சில் அப்படியே கொட்டிக் கிளற வேண்டும். இடியாப்ப மாவுக்குக் கொதிநீர் ஊற்றுகிற அதே காரணம்: சூடு பட்டால்தான் ஸ்டார்ச்சில் ஒரு பகுதி வெந்து பசைப்பிடிப்பு வரும். வெதுவெதுப்பான பால் ஊற்றினால் மாவு கடைசி வரை மணல்மணலாகவே இருக்கும். கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறியபின் முட்டையை ஒவ்வொன்றாகச் சேர்க்கவும், கடைசியில் சீஸ். மாவு கையில் ஒட்டும், ஒட்டத்தான் வேண்டும். ஸ்டார்ச்சை மேலும் மேலும் தூவிக் கெட்டியாக்கினால் உருண்டை கல்லாகும். கையில் எண்ணெய் தொட்டுக்கொண்டு 25 கிராம் உருண்டைகளாகப் பிடியுங்கள்.

இதன் குணம் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஓடிஜியிலிருந்து இறங்கிய 20 நிமிடம்தான் இதற்கு வாழ்வு. வெளியே மொறுமொறுப்பும் உள்ளே இழுபடும் பதமும் அதற்குள்தான். ஆறினால் ரப்பர். ஒரு மணி நேரக் கேள்வியில் இது தேறாதுதான்; ஈடு ஈடாகச் சூடாக இறக்க முடிவதால் மட்டுமே பட்டியலில் இருக்கிறது. ஆகவே முன்கூட்டிச் சுட்டு வைக்கவே கூடாது. பச்சை உருண்டைகளை இரண்டு நாள் முன்பே ஃப்ரீசரில் தட்டில் பரப்பி உறையவைத்து, பிறகு பையில் போட்டு வையுங்கள். பார்ட்டி அன்று 190 டிகிரியில், உறைந்தபடியே, 25 நிமிடம். ஓடிஜி தட்டில் 16 அடங்கும். ஐந்து ஈடு எடுத்தால் இரண்டு மணி நேரத்துக்கும் சூடாக வந்துகொண்டே இருக்கும். முதல் 15 நிமிடம் கதவைத் திறக்காதீர்கள், உப்பியது அமுங்கிவிடும்.

எண்ணெய்க்கு: ஃபலாஃபெல், பிறகு ரோல்ஸ்

மசால்வடை சுடத் தெரிந்தவருக்கு ஃபலாஃபெல் புதிதல்ல. ஊறிய பருப்பை வேகவைக்காமல் கொரகொரப்பாக அரைத்துப் பொரிக்கிற அதே முறை. எகிப்தில் உலர்ந்த ஃபாவா மொச்சையில் செய்வார்கள், லெபனான், பாலஸ்தீனம் பக்கம் கொண்டைக்கடலையில். ஃபலாஃபெல் எண்ணெயில் பிரிந்து கரைந்துபோகிறது என்று புலம்புகிறவர்களில் பாதிப் பேர் வெந்த கடலையோ டின் கடலையோ போட்டிருப்பார்கள். பச்சைக் கடலையின் ஸ்டார்ச் எண்ணெயில் வேகும்போதுதான் உருண்டையைப் பிடித்து நிறுத்துகிறது. முன்பே வெந்துவிட்டதற்கு அந்தப் பிடிப்பு மிச்சமில்லை.

வெள்ளைக் கொண்டைக்கடலை 600 கிராமை 12 மணி நேரம் ஊறவைத்து, வடித்து, துணியில் பரப்பி ஈரம் போக்குங்கள். பெரிய வெங்காயம் 2 (அரைத்துப் பிழிந்து), பூண்டு 8 பல், கொத்தமல்லித் தழை பெரிய கட்டு ஒன்று, பார்ஸ்லி கிடைத்தால் அதிலும் ஒரு பிடி, சீரகத்தூள், மல்லித்தூள் தலா ஒரு மேசைக்கரண்டி, மிளகு, உப்பு. கடலையைச் சிறு சிறு ஈடாக, தண்ணீர் விடாமல், மிக்ஸியின் விப்பரில் விட்டு விட்டு அரைக்க வேண்டும். கையில் அழுத்தினால் உருண்டையாக நிற்க வேண்டும், விரித்தால் ரவை மாதிரி பருக்கை தெரிய வேண்டும். மைய அரைத்தால் உள்ளே களியாகும். ஒரு மணி நேரம் ஃப்ரிட்ஜில் வைத்து, பொரிப்பதற்குச் சற்று முன் சமையல் சோடா ஒரு தேக்கரண்டி. 20 கிராம் உருண்டை, மிதமான சூட்டில் 4 நிமிடம். முதலில் ஒன்றை மட்டும் போட்டுப் பாருங்கள்; உதிர்ந்தால் இரண்டு கரண்டி கடலை மாவு, அதற்கு மேல் வேண்டாம்.

தொட்டுக்கொள்ள தஹினி. எள் விழுது 150 கிராமில் எலுமிச்சைச் சாறு 3 மேசைக்கரண்டி விட்டுக் கலக்கியதும் அது இளகாமல் திடீரென்று சிமென்ட் போல இறுகும். கெட்டுப்போய்விட்டது என்று நினைத்துப் பலர் அங்கேயே கொட்டிவிடுகிறார்கள். கெடவில்லை. எண்ணெய்ப் பசையுள்ள எள் விழுதில் கொஞ்சம் நீர் பட்டால் இறுகும், இன்னும் பட்டால் இளகும். குளிர்ந்த நீரைக் கரண்டி கரண்டியாக விட்டு அடித்துக்கொண்டே போனால் நிறம் வெளுத்து, தயிர் பதத்துக்கு வந்துவிடும். இதைப் பெரிய கிண்ணத்தில் நடுவில் வைக்காதீர்கள். கடித்ததையே மறுபடி முக்குவார்கள். ஃபலாஃபெல்மேல் ஒரு சொட்டு வைத்துக் குச்சி குத்திக் கொடுப்பது சுத்தம்.

இலங்கை ரோல்ஸ் வேலை பிடிக்கும், ஆனால் எல்லா வேலையும் முன்பே முடிந்துவிடும். மெல்லிய மைதா அப்பத்தில் டின் மீனும் உருளைக்கிழங்கும் பச்சை மிளகாயும் கறிவேப்பிலையும் சேர்ந்த கூட்டை வைத்து, பக்கங்களை மடித்துச் சுருட்டி, முட்டையில் தோய்த்து, ரஸ்க் தூளில் புரட்டுவது. பார்ட்டிக்கு விரல் நீளம் போதும். அப்பம் சுட்டதும் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி மூடி வைத்தால்தான் மடிக்கும்போது கீறாது. உள்ளே வைக்கும் கூட்டு வறண்டிருக்க வேண்டும், ஈரம் இருந்தால் எண்ணெயில் நீராவி கிளம்பி வெடிக்கும். தூளில் புரட்டியபின் ஃப்ரீசருக்குப் போகலாம். உறைந்ததை அப்படியே பொரிக்கும்போது தீ குறைவாக இருக்கட்டும். நல்ல சூட்டில் போட்டால் மேலே கறுத்து உள்ளே பனிக்கட்டியாக இருக்கும்.

எண்ணெயில் ஓர் ஒழுங்கு: ஃபலாஃபெல் முதல் மணி நேரம், ரோல்ஸ் இரண்டாவது. வாணலி ஒன்றென்றால் சைவம் முழுதும் பொரித்து முடிந்த பிறகே மீன் இறங்க வேண்டும். அரிகரண்டியும் வடிதட்டும் வேறு வேறு. இதைப் பார்த்துத்தான் சாப்பிடலாமா என்று முடிவெடுப்பவர்கள் விருந்தில் நிச்சயம் இருப்பார்கள், கேட்கக் கூச்சப்படுவார்கள்.

பார்ட்டி நேரத்தில் அடுப்பே வேண்டாதவை

ஸ்பெயினின் தோர்த்தீயா, மெக்சிகோவின் ரொட்டி அல்ல. உருளைக்கிழங்கும் முட்டையும் சேர்ந்த கனத்த அடை. ஆறியபின்தான் சுவை, அதனால்தான் பட்டியலில் இருக்கிறது. 24 செ.மீ. வாணலிக்கு உருளைக்கிழங்கு 600 கிராம், பெரிய வெங்காயம் 1, முட்டை 6. கிழங்கை மெல்லிய வில்லைகளாக்கி, மூழ்க எண்ணெய் விட்டு, சிறு தீயில், சிவக்காமல், 20 நிமிடம் வேகவிட வேண்டும். சிப்ஸ் ஆகக் கூடாது. வடித்து, அடித்த முட்டையில் போட்டுப் பத்து நிமிடம் ஊறவிடுங்கள். பிறகு எண்ணெய் பூசிய வாணலியில் ஊற்றி 5 நிமிடம், தட்டைக் கவிழ்த்துப் புரட்டி இன்னொரு 4 நிமிடம். ஸ்பெயின்காரர்கள் பலர் நடுவில் இளக்கமாக விரும்புவார்கள். மேசையில் காத்திருக்கப்போவதால் நாம் நடுவரை வேகவிடுவதே நல்லது. ஆறியபின் 3 செ.மீ. சதுரமாக வெட்டினால் ஒன்றுக்கு 32 நல்ல துண்டு. இரண்டு அடை போதும். ஓரத்துச் சில்லெல்லாம் சமையல்காரருக்கு.

ஆலிவ் குச்சியும் பாஸ்க் பகுதியிலிருந்துதான்: கொட்டை நீக்கிய பச்சை ஆலிவ், ஊறுகாய்ப் பச்சை மிளகாய், ஆன்சோவி மீன். ஆன்சோவி என்றால் வேறொன்றுமில்லை, நம் நெத்திலியின் குடும்பம். உப்பில் பல மாதம் பதப்படுத்தி எண்ணெயில் போட்டது. அதற்காக நெத்திலிக் கருவாட்டைக் குத்திவிட முடியாது. விலை அதிகம், ஆகவே பாதிக்கு மீனுக்குப் பதில் சுட்டு உரித்த சிவப்புக் குடைமிளகாய். தனித் தட்டு.

வியட்நாமின் சம்மர் ரோலில்தான் கைத்திறமை வேண்டும். அரிசித்தாளை (அரிசி மாவில் செய்த மெல்லிய காய்ந்த தாள்) தண்ணீரில் மெத்தென்று ஆகும் வரை ஊறவிடுவது எல்லோரும் செய்யும் தப்பு. சாதாரண நீரில் ஐந்து வினாடி முக்கி, இன்னும் விறைப்பாக இருக்கும்போதே எடுத்து ஈரப் பலகையில் போட்டுவிடுங்கள். கேரட்டும் வெள்ளரியும் சேமியாவும் நீங்கள் அடுக்கி முடிப்பதற்குள் அது தானாகவே இளகும். முதலிலேயே இளகியதைச் சுருட்டப் போனால் கிழியும். புதினாவையும் பாதியாகக் கீறிய இறாலையும் கடைசி சுற்றில் வையுங்கள், தாள் வழியே நிறம் தெரியும். 30 தாள், பாதியாக வெட்டினால் 60. அடுக்கும்போது ஒன்றோடொன்று உரசக் கூடாது. ஒட்டிக்கொண்டால் பிரிக்கும்போது தோல் உரிந்து வரும். நாலைந்து மணி நேரம் முன்பே செய்து ஃப்ரிட்ஜில் வைத்தால் தாள் விறைக்கும். தொட்டுக்கொள்ளும் சாற்றில் மீன் சாஸ் சேர்ப்பது வழக்கம்; சைவர்களுக்கு சோயாவும் எலுமிச்சையும் சர்க்கரையும் போதும்.

இனிப்புக்கு மறுபடி பிரேசில், பிரிகடெய்ரோ. ஒரே நாட்டுக்கு இரண்டு இடமா என்றால், யாரும் எண்ணப்போவதில்லை. 400 கிராம் கண்டென்ஸ்டு மில்க் டின் ஒன்றுக்கு கோகோ 3 மேசைக்கரண்டி, வெண்ணெய் ஒரு மேசைக்கரண்டி. அடிகனமான பாத்திரத்தில் சிறு தீயில் கிளறிக்கொண்டே இருங்கள். கரண்டியால் கோடு இழுத்தால் அடி தெரிந்து, கோடு மூட மூன்று வினாடி எடுக்க வேண்டும்; பாத்திரத்தைச் சாய்த்தால் மொத்தமும் ஒரே கட்டியாக வழுக்க வேண்டும். திரட்டுப்பால் கிளறியவர்களுக்குக் கண்ணே சொல்லிவிடும். அதற்கு மேல் விட்டால் பல்லில் ஒட்டும் மிட்டாய். முந்தின நாளே செய்து, சாக்லேட் சேமியாவில் புரட்டிக் காகிதக் கிண்ணத்தில் வைக்கலாம். டின்னுக்கு 25 வரும், இரண்டு டின்னைத் தனித்தனியாகக் கிளறுங்கள்.

வெயில், எண்ணெய், குச்சி

5 முதல் 60 டிகிரி வரை கிருமிகளுக்குக் கொண்டாட்டம். அந்தச் சூட்டில் முட்டை, இறால், மீன் எதுவும் 2 மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது. அறை 32 டிகிரியைத் தாண்டினால் 1 மணி நேரம்தான். மொட்டை மாடி விருந்துக்கு மே மாதத்தில் இந்த இரண்டாவது கணக்குத்தான். எனவே தோர்த்தீயாவையும் சம்மர் ரோலையும் ஒரேயடியாக வெளியில் வைக்காதீர்கள். சின்னத் தட்டில் மூன்று தவணை, மீதி ஃப்ரிட்ஜில். காலியான தட்டில் புதியதைக் கொட்டாமல் தட்டையே மாற்றுங்கள். பழையது அடியில் தங்கிப்போவது அப்படித்தான்.

ஒவ்வொரு தட்டின் முன்னும் ஒரு சீட்டு. நாட்டின் பெயர் சின்னதாக இருக்கட்டும், உள்ளே என்ன இருக்கிறது என்பது பெரிதாக. எள், நிலக்கடலை, முட்டை, இறால், கோதுமை இவற்றைக் கட்டாயம் எழுதுங்கள். பாவ் ஜி கேஜோவில் முட்டை இருப்பது பார்த்தால் தெரியாது. தலைப்பில் 'சைவம்' என்று எழுதும் முன் சீஸ் உறையைப் பாருங்கள். அசல் பார்மஜானோ கன்றின் இரைப்பை நொதியால் உறையவைக்கப்படுவது. பச்சைப் புள்ளி இல்லாத எதையும் சைவத் தட்டில் சேர்க்க வேண்டாம்.

ஆளுக்கு 3 காகிதக் கைக்குட்டை, உள்ளங்கை அளவுத் தட்டு. குச்சி போட ஒவ்வொரு மேசையிலும் ஒரு கண்ணாடி டம்ளர் வையுங்கள். வெறும் டம்ளராக வைத்தால் அதில் யாராவது தண்ணீர் ஊற்றிக் குடிப்பார்கள். விருந்தாளிகள் வருவதற்கு முன்பே நீங்களே நாலு குச்சியை அதில் போட்டு வைத்துவிடுங்கள்.